"தப்பா நினைச்சுக்குவாங்களோ?": உறவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய நண்பர் ஒருவருக்குப் போன் போடலாம் என்று தோன்றும், கூடவே 'இத்தனை வருஷம் கழிச்சு என்ன திடீர்னு' என்று நினைப்பாரோ என்ற தயக்கமும் வரும், கடைசியில் பிறந்தநாளுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜோடு விஷயம் முடிந்துவிடும். உறவுகள் பற்றிய உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தட்டுப்படும் தவறு இதுதான்: அடுத்தவர் நம்மை எப்படி எடுத்துக்கொள்வார் என்று நாமே ஒரு கணக்குப் போட்டு, அதை நமக்கு எதிராகவே போட்டுக்கொள்கிறோம்.

அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு போனில் பேசினால் சங்கடமாக இருக்கும், மெயில்தான் வசதி என்று பலர் எண்ணினார்கள். பேசிப் பார்த்தால் சங்கடம் ஒன்றும் கூடவில்லை, நெருக்கம்தான் கூடியது. அறிமுகமில்லாதவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2014-இல் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோ ரயில் பயணிகளில் சிலரைப் பக்கத்து சீட்காரரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியே உட்காரச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாகப் போனது. (அதற்காகத் தூங்குகிறவரைத் தட்டி எழுப்ப வேண்டாம். பேச விருப்பமில்லை என்று முகத்தில் தெரியும் பெண்ணிடம் போய் ஆய்வு நடத்தவும் வேண்டாம்.)

பேசி முடித்த பிறகாவது கணக்கு சரியாகிறதா என்றால் அதுவும் இல்லை. நம்மோடு பேசியவருக்கு நம்மை எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதையும் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்று எரிகா பூத்பி குழுவின் 2018 ஆய்வு காட்டியது.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய தவறு வீட்டுக்குள்தான் நடக்கிறது. கஷ்டத்தில் கூட நின்றால் போதும் என்று நினைக்கிறோம், நல்ல செய்தியைக் கோட்டை விடுகிறோம். மனைவி வந்து "என்னை டீம் லீடா போட்டிருக்காங்க" என்கிறார். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம், நல்லது" என்பது ஒரு வகை. "அப்போ இனிமே வீட்டுக்கு வர ஒன்பது மணி ஆகும்" என்பது இன்னொன்று. "சரி, கேஸ் புக் பண்ணியாச்சா?" மூன்றாவது. "அப்படியா! யார் சொன்னா, எப்படிச் சொன்னாங்க, முதல்லேர்ந்து சொல்லு" என்பது நான்காவது. உளவியலாளர் ஷெல்லி கேபிள் பிரித்துக் காட்டிய நான்கு வகைகள் இவை, அதில் உறவுக்குப் பலம் சேர்ப்பது கடைசி ஒன்று மட்டும்தான். காதல் ஜோடிகளை வைத்து அவர் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்ட செய்திக்குத் துணை எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட நல்ல செய்திக்கு எப்படி நடந்துகொண்டார் என்பதே இரண்டு மாதம் கழித்து உறவு எப்படி இருக்கிறது என்பதோடு நெருக்கமாக ஒத்துப்போனது. நம் வீடுகளில் அந்த ஒன்பது மணிப் பேச்சு பெரும்பாலும் அக்கறையில் வருவதுதான், கண்ணு பட்டுடும் என்று அடக்கி வாசிப்பவர்களும் உண்டு. சொல்ல வந்தவருக்கோ பாதிச் சந்தோஷம் அங்கேயே வடிந்துவிடும்.

அப்புறம், தனிமையைத் தலை எண்ணி அளப்பது. கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் நடுவிலும் ஒருவர் தனிமையாக உணரலாம். விரும்பும் உறவுக்கும் கிடைக்கும் உறவுக்கும் இடையிலான தூரம்தான் தனிமை என்பது ஜான் கசியோப்போ போன்ற ஆய்வாளர்களின் பார்வை. அதனால் "நாலு பேரோட பழகு, எல்லாம் சரியாகும்" என்ற அறிவுரை பலருக்கு வேலை செய்வதில்லை.

கடைசியாக, ஆய்வுகளைப் படிப்பதிலேயே ஒரு தவறு இருக்கிறது. தனிமை உடம்புக்குச் செய்யும் கெடுதல் ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று சுற்றும் செய்திக்கு மூலம், ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-இல் 148 ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த அலசல். அது தீவிரமான வேலைதான், ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே காணப்படுவது வேறு, ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாவது வேறு. உடம்பு முடியாமல் போனதால் ஆட்களை விட்டு விலகுகிறவர்களும் இருக்கிறார்கள். 1938-இல் தொடங்கி, ஒரே ஆட்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடரும் புகழ்பெற்ற ஹார்வர்ட் ஆய்வையும் இப்படி நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். நல்ல உறவுகளே நல்ல முதுமைக்கு வழி என்று அதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் அது ஆரம்பத்தில் பின்தொடர்ந்த 724 பேரும் ஆண்கள். பெண்கள் வெகுகாலம் கழித்துத்தான் உள்ளே வந்தார்கள், முதலில் மனைவிகளாக, பிறகு மகள்களாக.