உடம்பு முன்னால் போகணும், தலை போகக் கூடாது: சாஃப்ட்பால் பேட்டிங்கில் எடை மாற்றம்

எங்கள் பள்ளியில் சாஃப்ட்பாலுக்கு வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் தெருவில் அண்ணன் தம்பிகளோடு கிரிக்கெட் ஆடி வந்தவர்கள். கையில் பேட்டைக் கொடுத்ததும் இடது காலை நீட்டி, முட்டியை மடக்கி, தலையை அந்த முட்டிக்கு மேலே கொண்டுபோய் வைப்பார்கள். கிரிக்கெட்டில் டிரைவ் ஆட அது சரி. தரையில் குத்தி வரும் பந்தின் மேலே போய் நிற்க வேண்டும். சாஃப்ட்பாலில் பந்து குத்துவதில்லை. முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே நேராக வருகிறது. பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் பிட்சர் நிற்பது 43 அடி தூரத்தில். மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசினால் பார்த்து அடிக்க அரை விநாடிகூடக் கிடைக்காது. அந்த நேரத்துக்குள் தலையும் சேர்ந்து முன்னால் ஓடினால், பந்து இன்னும் வேகமாக வருவதுபோலக் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு திரும்ப இடமும் இருக்காது.

அதனால் முதல் வாரம் பந்தே கிடையாது. கால் மட்டும்தான். வலது கைக்காரரை வைத்துச் சொல்கிறேன், இடது கைக்காரர் மாற்றிக்கொள்ளுங்கள்.

வெறுங்காலில் நிற்கச் சொல்லுங்கள். தோளைவிடக் கொஞ்சம் அகலமாகக் கால் வைத்து, முட்டியை லேசாக மடக்கி, எடை முன்பாதத்தில், உட்பக்கமாக. ஷூ போட்டால் குதிகாலில் நிற்பது பிள்ளைக்கே தெரியாது, வெறுங்காலில் உடனே தெரியும். நின்றதும் தோளிலும் முதுகிலும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அசையாமல் நின்றால் போதும்.

பிட்சர் கையைக் காற்றாடிபோல வட்டமாகச் சுழற்றி வீசுவார், இதுதான் விண்ட்மில். அந்தக் கை மேலே போகும்போது எடை பின்காலுக்குப் போக வேண்டும். எவ்வளவு? வலது தொடையின் உட்பக்கத்தில் இறுக்கம் தெரியும் அளவு. முட்டி பாதத்தைத் தாண்டி வெளியே போய்விட்டால் அதிகம். அங்கிருந்து திரும்பி வர நேரமாகும்.

பந்து கையை விட்டு வரும்போது முன்கால் தரையில் இருக்க வேண்டும். ஒரு பாதத்தின் நீளம் எடுத்து வைத்தால் போதும். முன்பாதம் முதலில் படட்டும், குதிகால் பிறகு. இந்த இடத்தில் கை இன்னும் பின்னால்தான் இருக்கும், எடையும் பெரும்பாலும் பின்னால்தான். இதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி ‘நில்’. கால் வைத்ததும் ‘நில்’ என்பேன். அப்படியே சிலைபோல நிற்க வேண்டும். மூக்கு இரண்டு காலுக்கும் நடுவே இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ‘அடி’ என்பேன். என் பயிற்சியில் மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

அடுத்ததுதான் அடியின் உயிர். முன் குதிகால் தரையில் இறங்குகிறது, மடங்கிய முட்டி நிமிர்கிறது. ஓடும் பஸ் சடன் பிரேக் போட்டால் நிற்பவர்கள் எப்படித் தூக்கி எறியப்படுகிறார்களோ, அப்படி முன்னால் வந்த எடை அந்தக் காலில் மோதி நின்று இடுப்பைச் சுழற்றுகிறது. இடுப்புக்குப் பின்னால் தோள், தோளுக்குப் பின்னால் கை, கடைசியாக பேட். அந்தக் கணத்தில் முன்காலில் விழும் விசை உடல் எடையையே தாண்டுகிறது என்று கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். முட்டி மடங்கியே கிடந்தால் இதெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். கிரிக்கெட் பழக்கத்தில் வந்த பிள்ளைக்கு மாற்ற வேண்டியது இந்த ஒரு முட்டிதான். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள்.

எங்கள் மைதானம் செம்மண். காலையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆளுக்குச் சில ஸ்விங் சுற்றச் சொல்வேன். பிறகு ஆளை விட்டுவிட்டுத் தடத்தைத்தான் பார்ப்பேன். முன்கால் தடத்தில் விரல் பக்கம் ஆழமாகவும் குதிகால் பக்கம் மேலோட்டமாகவும் இருந்தால் பிள்ளை பந்தின் மேல் விழுந்திருக்கிறாள். குதிகால் பதிந்திருந்தால் கால் தாங்கியிருக்கிறது. பின்கால் தடம் முழுப் பாதமாக அப்படியே இருந்தால் எடை நகரவே இல்லை. ஒரே இடத்தில் வட்டக் குழி விழுந்திருந்தால் உடம்பு திரும்பியிருக்கிறது, முன்னால் போகவில்லை. ‘பூச்சியை நசுக்குவதுபோலப் பின்காலைத் திருகு’ என்று சொல்லிக்கொடுத்தால் வருவது இந்தக் குழிதான். நான் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. விரல் நுனி குத்திய சிறு பள்ளமும், அதிலிருந்து முன்னால் இழுத்த ஒரு கோடும் இருந்தால் அந்த ஸ்விங் சரி. பிள்ளைகளே ஒருவர் தடத்தை ஒருவர் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

சுழல்வதா, எடையை நகர்த்துவதா என்று அமெரிக்கர்கள் பேஸ்பாலில் நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். 1941-ல் .406 சராசரியில் (ஆயிரத்துக்கு 406 ஹிட் என்ற கணக்கு) அடித்த டெட் வில்லியம்ஸ் இடுப்புச் சுழற்சியைப் பேசினார். எடை பின்னாலிருந்து முன்னால் போகட்டும் என்றார் பயிற்சியாளர் சார்லி லாவ். அவரிடம் கற்ற ஜார்ஜ் பிரெட் 1980-ல் .390 அடித்தார். என்னைக் கேட்டால், பிள்ளைகளுக்கு முதலில் லாவ். பின்னால் சாய்ந்து கிடக்கும் உடம்பு எதை வைத்துச் சுழலும்?

ஜப்பானின் சதாஹாரு ஓ பேஸ்பாலில் ஒற்றைக்காலில் நின்று 868 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர்போல எல்லையைத் தாண்டும் அடி) அடித்தவர். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து நானும் காலைத் தூக்குகிறேன் என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. ‘நில்’ பயிற்சியில் ஆடாமல் நிற்கும் வரை நான் விடுவதில்லை. இன்னொரு ஜப்பான் பேஸ்பால் வீரர் ஓஹ்தானி 2018-ல் அமெரிக்கா போன புதிதில் காலைத் தூக்குவதை விட்டுவிட்டு விரல் நுனியைத் தரையில் தட்டும் சின்ன அசைவுக்கு மாறினார். பெரிய அடிக்குப் பெரிய அசைவு தேவையில்லை என்று காட்ட அவரே போதும்.

பந்தை மேலே வைத்து அடிக்கும் தாங்கியை டீ என்பார்கள். அதை வாங்கக் காசில்லை என்றால் கவலை வேண்டாம். பெயின்ட் வாளியில் சிமென்ட் கொட்டி பிவிசி பைப்பை நட்டு, உச்சியில் சைக்கிள் டியூப் துண்டு மாட்டினால் வேலை முடிந்தது. பந்து முன்காலுக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். அடித்து முடித்ததும் அப்படியே நின்று பின்காலைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். “டீச்சர், தூக்கினா விழுந்துடுவேன்” என்பவள் எடையைப் பின்னாலேயே விட்டுவிட்டாள். ஹோம் பிளேட் (பந்து கடந்து போகும் இடத்தில் தரையில் இருக்கும் தட்டு) பக்கம் தள்ளாடினால் எடை விரலில் இருக்கிறது, வெளிப்பக்கம் சாய்ந்தால் குதிகாலில். நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் உடம்புக்கு நடந்து வந்து அடிக்கும் பயிற்சி நல்லது. டீக்குச் சற்றுப் பின்னாலிருந்து இரண்டு எட்டு வைத்து, மூன்றாவது எட்டில் அடிக்க வேண்டும்.

தலையைப் பார்க்க போன் போதும். பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே நின்று எடுங்கள். முன்கால் பதியும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, திரையில் தலை இருக்கும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட விடுங்கள். கால் வைப்பதற்கு முன் தலை கொஞ்சம் நகர்வது இயல்பு. கால் பதிந்த பிறகு விரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள்: பேட். பள்ளி கிட்டில் இருக்கும் 34 அங்குல பேட்டை ஏழாம் வகுப்புப் பிள்ளை தூக்கினால் சமநிலைக்காக உடம்பு தானாகப் பின்னால் சாயும். சின்ன பேட் இல்லையென்றால் கைப்பிடியில் மேலே ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இதெல்லாம் பழகியதா என்று சோதிக்க மெதுவான பந்துதான் வழி. வலைக்குப் பின்னால் உட்கார்ந்து கீழ்க்கையால் போடுங்கள். வேகமாக மூன்று, பிறகு அதே கைவீச்சில் மெதுவாக ஒன்று. பந்தின் மேல் விழுகிறவளுக்கு அந்தப் பந்து வருவதற்குள் எடையெல்லாம் தீர்ந்திருக்கும், கை மட்டும் நீளும். ‘நில்’லில் நின்று பழகியவள் கால் வைத்துவிட்டு ஒரு கணம் காத்திருப்பாள், பிறகு அடிப்பாள். அந்தக் காத்திருப்பு கண்ணில் பட்ட மறுநாள் டீயை ஓரமாக வைத்துவிட்டு 43 அடியில் பிட்சரை நிறுத்துங்கள்.