ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு ரெகே பாடகரின் வேரைத் தேடுவது எப்படி

ஒரே மெட்டில் பல பாட்டுகள் பிறப்பது வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குப் புதிய செய்தி அன்று. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைமாட்டிலும் ‘இன்ன பாட்டின் வர்ண மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்கள். கரீபியத் தீவான ஜமைக்காவின் ரெகே இசையையும் அதிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால் இசையையும் பாடுகிறவர்களைக் கேட்கப் புகுகிறவருக்கு இந்தப் பழக்கம் ஒன்றே பெரிய துணை. அங்கே பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்த பின்னணி இசைக்கு ‘ரிட்டிம்’ என்று பெயர். ஒரு ரிட்டிமின் மேல் பத்துப் பேர், இருபது பேர் வெவ்வேறு பாட்டுகளைப் பாடுவது அங்கு இயல்பான நடைமுறை.

ஆகவே முதல்முறை கேட்கும்போது குரலை விட்டுவிடுங்கள். பாஸ் எங்கே அடி வைக்கிறது, எங்கே பேசாமல் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் பாஸ் காதுக்கு எட்டாது. நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கர் பெட்டியோ கட்டாயம் வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் ஸ்பீக்கர் பெட்டியின் அருகே நின்று, ஒலி நெஞ்சில் இடிப்பதை உணர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த இசையே 1950-களில் ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டன் தெருக்களில் ‘சவுண்ட் சிஸ்டம்’ எனப்பட்ட பெரிய பெட்டிகளைச் சுற்றி வளர்ந்ததுதான்.

அங்கே இசைத்தட்டைச் சுழற்றுபவர் ‘செலக்டர்’. மைக்கைப் பிடித்து இசையின் மேல் தாளத்தோடு பேசுபவரே ‘டீஜே’. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளாவிட்டால் பின்னால் எல்லாம் குழம்பும். 1970-இல் யூ-ராய் என்ற டீஜே, தயாரிப்பாளர் டியூக் ரீடின் பழைய ராக்ஸ்டெடி (ரெகேவுக்கு முந்தைய இசை வகை) தடங்களின் மேல் இவ்வாறு பேசிப் பதிவுசெய்த பாட்டுகள் பெரும் வெற்றி பெற்றன. டான்ஸ்ஹால் டீஜேக்கள் அனைவரும் அந்த வழியில் வந்தவர்களே.

இனி ஒரு பாட்டைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து பார்ப்போம். சிஸ்டர் நான்சி 1982-இல் வெளியிட்ட ‘பாம் பாம்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் நிறைந்த டீஜே மேடையில் தயக்கமின்றி நின்ற ஒரு பெண்ணின் குரல் அது. எனக்கு இன்றும் அலுக்காத குரல். அதன் ரிட்டிம், ஆன்செல் காலின்ஸ் 1973-இல் வாசித்த ‘ஸ்டாலாக்’. அதே ரிட்டிமின் மேல் டெனர் சா 1985-இல் பாடிய ‘ரிங் தி அலாரம்’ பாட்டை அடுத்ததாகக் கேளுங்கள். தரை ஒன்றாகவே இருக்க, நான்சி துள்ளி நடக்குமிடத்தில் டெனர் சா இழுத்துப் பாடுவது தெளிவாகப் புலப்படும். பாடகரின் தனித்தன்மையை அறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு ‘பாம் பாம்’ என்ற பல்லவியைப் பின்தொடருங்கள். அது 1966-இல் ஜமைக்காவின் விழாப் பாட்டுப் போட்டியில் பரிசு வென்ற, டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழுப் பாட்டிடம் கொண்டுசேர்க்கும். டூட்ஸ் சிறுவயதில் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். அவர் ஒரு வரியை எறிய மற்றவர்கள் அதை ஏந்துவதைக் கேட்கும்போது, புரிசை, செய்யாறு பக்கத்துத் தெருக்கூத்தில் வேடக்காரரின் அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவது நினைவுக்கு வராமல் இராது.

தேவாலயம் ஒரு வேர் என்றால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசை இன்னொன்று. பாப் மார்லி, பீட்டர் டோஷ், பன்னி வெய்லர் ஆகிய மூவருக்கும் கிங்ஸ்டனின் டிரெஞ்ச்டவுன் பகுதியில் குரலிசைவு கற்பித்தவர் ஜோ ஹிக்ஸ். அவர்களின் தொடக்ககாலப் பதிவுகளில் கர்ட்டிஸ் மேஃபீல்டின் இம்ப்ரெஷன்ஸ் குழுவின் சாயலைக் கேட்கலாம். மூன்றாவது வேர், ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தாரின் வழிபாட்டில் முழங்கும் நியாபிங்கி மேளங்கள். கவுண்ட் ஆசியின் மேளக்காரர்கள் வாசித்த, ஃபோக்ஸ் சகோதரர்களின் ‘ஓ கரோலினா’வையும், அதையே ஷாகி 1993-இல் டான்ஸ்ஹாலாக மாற்றிப் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டால், வேரும் கிளையும் ஒருசேரத் தெரியும்.

1985-இல் கேசியோ எம்டி-40 கீபோர்டில் இருந்த ஓர் ஆயத்தத் தாளத்தைக் கொண்டு, கிங் ஜாமியின் தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் பாடிய பாட்டிலிருந்து ‘ஸ்லெங் டெங்’ ரிட்டிம் பரவியது. அதன்பின் டான்ஸ்ஹாலின் ஒலி கணினி வழிக்குத் திரும்பியது. வேர் அத்துடன் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். கடுங்குரல் டீஜேயாகப் பெயர் பெற்ற பூஜு பாண்டன், 1995-இல் வெளியிட்ட ‘டில் ஷைலோ’ தொகுப்பில் ராஸ்தஃபாரி நெறிக்கே திரும்பினார்.

கேட்பதை ஒரு நோட்டில் பாடகர், ரிட்டிம், தயாரிப்பாளர், ஆண்டு என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஜமைக்காவின் பட்வா மொழி முதலில் புரியாது. பாட்டு வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு இரண்டு முறை கேட்டால் சொல் பிரியத் தொடங்கும். ஓரளவு பழகியபின் ‘ஸ்டாலாக்’கின் குரலற்ற பதிவை ஓடவிட்டு, உங்களுக்குத் தெரிந்த கூத்துப்பாட்டு ஒன்றை அதன்மேல் பாடிப் பாருங்கள். விருத்தத்துக்குத் தாளம் இல்லையாதலால் அது ஒட்டாது. தாளத்தோடு பாடும் தருவை எடுத்துக்கொள்ளுங்கள், பாஸ் ஒரு சுற்று முழுவதும் சுற்றி வரும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.