ஆட்டோ கட்டணத்தில் ஒரு நேர்கோடு: வரைவதும் சாய்வு காண்பதும்

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடிக்கிறீர்கள். ஏறி உட்கார்ந்ததும் 30 ரூபாய், அப்புறம் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (கணக்குக்காக நான் வைத்த ரேட். இதைச் சொல்லி அங்கே பேரம் பேசப் போனால் நான் பொறுப்பில்லை.) தூரம் எக்ஸ், கட்டணம் ஒய் என்றால் சமன்பாடு இது:

ஒய் = 15 எக்ஸ் + 30

முதலில் அட்டவணை. எக்ஸுக்கு வசதியான எண்களைக் கொடுத்து ஒய்யைக் கண்டுபிடியுங்கள்.

எக்ஸ்: 0, 2, 4, 6
ஒய்: 30, 60, 90, 120

நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளியே போதும். ஆனாலும் நான்கு எடுங்கள். ஒன்றில் கூட்டல் தப்பியிருந்தால் அந்தப் புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வரைபடத் தாள். படுக்கையாக எக்ஸ் அச்சு, நிமிர்ந்து ஒய் அச்சு. எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 கிலோமீட்டர், ஒய் அச்சில் 1 செ.மீ. = 10 ரூபாய். இந்த அளவுத்திட்டத்தைத் தாளின் வலது மேல் மூலையில் எழுதிவிடுங்கள். புள்ளிகளைக் குறித்து, கூர் சீவின பென்சிலால் ஸ்கேல் வைத்து இணையுங்கள். கோடு ஒய் அச்சை 30-இல் வெட்டும். அதுதான் ஒய் வெட்டுத்துண்டு. வண்டி நகரும் முன்பே ஏறிய காசு.

சாய்வு என்பது, கிடையாக ஓரலகு போனால் கோடு எத்தனை அலகு ஏறுகிறது என்பது. கோட்டில் இரண்டு புள்ளிகளை எடுங்கள்: (2, 60), (6, 120). ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுங்கள்.

சாய்வு = (120 − 60) ÷ (6 − 2) = 60 ÷ 4 = 15

கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்றோமே, அதேதான். ஒய்யில் எந்தப் புள்ளியிலிருந்து கழிக்கத் தொடங்கினீர்களோ, எக்ஸிலும் அதிலிருந்தே தொடங்க வேண்டும். மாற்றிப் போட்டால் −15 வரும். இடமிருந்து வலமாக ஏறும் கோட்டுக்கு மைனஸ் வரவே வராது.

என்னிடம் டியூஷன் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் சறுக்குவது வேறு இடத்தில். தாளில் கட்டம் எண்ணுவார்கள்: மேலே 6 செ.மீ., பக்கவாட்டில் 4 செ.மீ., ஆக 1.5 என்பார்கள். எண்ணியது சரி, விடை தப்பு. இரண்டு அச்சிலும் 1 செ.மீ.க்கு ஒரே மதிப்பு இல்லையே! ஒய் அச்சில் 1 செ.மீ. = 20 ரூபாய் என்று மாற்றினால் அதே கோடு படுத்துக்கொள்ளும்; ஆட்டோக்காரர் ஒரு ரூபாய்கூடக் குறைக்கமாட்டார். அதனால் கட்டத்தை எண்ணாதீர்கள், அச்சில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் போட்டதும் இந்தக் கணக்கில்தான். ஏற வேண்டிய உயரம் மாறாது. வளைத்து வளைத்துப் போகும்போது ஓடும் தூரம் கூடுகிறது, சாய்வு குறைகிறது, பஸ் ஏறிவிடுகிறது. வேலூர்க் கோட்டை அகழியில் அசையாமல் நிற்கும் தண்ணீருக்குச் சாய்வு 0. தூக்குக்குண்டு பிடித்து நேராக எழுப்பிய சுவருக்கோ கிடைத்தூரமே 0. பூஜ்யத்தால் வகுக்க வழியில்லை என்பதால் அதன் சாய்வை வரையறுக்க முடியாது.

இறங்கும் கோடு ஒன்றை நீங்களே வரையுங்கள். மாடித் தொட்டியில் 600 லிட்டர், குழாய் திறந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் போகிறது: ஒய் = 600 − 20 எக்ஸ். சாய்வு −20 வருகிறதா பாருங்கள். கோடு எக்ஸ் அச்சைத் தொடும் இடத்தில் 30 இருந்தால் சரியாக வரைந்திருக்கிறீர்கள். அந்த நிமிடத்தில் தொட்டி காலி.