வெளிநாட்டுக்கு நிறுவன ஆவணம் அனுப்புகிறீர்களா?

கிருஷ்ணகிரியிலிருந்து மாங்கூழ் ஏற்றுமதி செய்கிறவர்கள் வளைகுடாவில் கிளை தொடங்கினால், நிறுவனப் பதிவுச் சான்றிதழை அங்கே ஏற்கும்படி சான்றொப்பம் பெற வேண்டும். இந்தியா 2005 முதல் ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. அப்போஸ்டில் என்பது, தூதரகச் சான்றொப்பம் இல்லாமலே மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அரசுச் சான்று. ஓமன், பஹ்ரைன், சவுதி அரேபியாவுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் போதும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வர்த்தக சபை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும்.

என் மைத்துனரின் ஆவணங்கள் ஒரே ஓர் எழுத்தால் திரும்பி வந்தன. நிறுவன அமைப்பு விதிகளில் ‘மு.’ என்ற தலைப்பெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் ‘முனுசாமி’ என்று தந்தை பெயர் முழுமையாக. நமக்கு இரண்டும் ஒருவர்தான், அயல்நாட்டு அதிகாரிக்கோ இரண்டு பேர்! ஆகவே நிறுவனத்தைப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுதிவிடுங்கள்.