பிரான்ஸில் குடும்பத்தோடு ஒரு ஷாத்தோ: முதல் தடவை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு

லண்டனில் ஒரு குடும்பம், பாரீஸில் ஒன்று, டொராண்டோவில் ஒன்று, சென்னையில் அம்மா அப்பா. எல்லோரும் ஒரு வாரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் ஹோட்டல் சரிப்படாது. பிரான்ஸின் கிராமப்புறத்தில் ஷாத்தோ என்று சொல்லும் பழைய அரண்மனை வீடுகள் முழுதாகவே வாடகைக்குக் கிடைக்கின்றன. விளம்பரப் படத்தில் கோபுரமும் அகழியும் கண்ணைப் பறிக்கும். ஆனால் உங்கள் விடுமுறை நன்றாகப் போகுமா என்பதைக் கோபுரம் முடிவு செய்வதில்லை. கழிப்பறை எத்தனை, அடுப்பு எத்தனை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றும்தான் முடிவு செய்கின்றன.

1. என்ன வீடு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஷாத்தோ என்றால் எல்லாமே போர்க்கோட்டை இல்லை. நடுக்காலக் கற்கோபுரமும் அதில் சேரும், 19ஆம் நூற்றாண்டில் திராட்சைத் தோட்டப் பணத்தில் கட்டிய மாளிகையும் சேரும். பல வீடுகளில் இன்னும் பரம்பரைக் குடும்பம்தான் உரிமையாளர். ஒரு பக்கத்துக் கட்டடத்தில் அவர்களே குடியிருப்பதும் உண்டு.

ஏன் வாடகைக்கு விடுகிறார்கள்? பிரெஞ்சுச் சட்டப்படி சொத்தில் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாயப் பங்கு உண்டு. பெரிய வீட்டை ஒருவரே வைத்துக்கொள்ள வேண்டுமானால் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அதன்மேல் கூரைச் செலவு வேறு. வீடு 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரலாற்றுச் சின்னமாகப் பதிவாகியிருந்தால், ஜன்னலை மாற்றக்கூட அரசின் ஒப்புதல் தேவைப்படும். இப்படிப்பட்ட உரிமையாளர்களுக்கென்றே 'லா தெமர் இஸ்தோரிக்' என்ற சங்கம் 1924லிருந்து இயங்குகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மேடுபள்ளமான தரை, லிஃப்ட் இல்லாத சுழல் படிக்கட்டு இவையெல்லாம் பராமரிப்புக் குறை அல்ல, அந்த வீட்டின் இயல்பு. இது ஒத்துவராது என்றால் ஒரு நவீன வில்லாவைப் பார்ப்பது நல்லது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. வீட்டுக்கு முன்னால் ஆட்கள்

வாட்ஸ்அப் குழுவில் "நாங்களும் வர்றோம்" என்று எழுதுவது கணக்கில் சேராது. முன்பணம் அனுப்பியவர்தான் கணக்கு. தேதி, ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சத் தொகை, முன்பணத்துக்குக் கடைசி நாள், இந்த மூன்றையும் ஒரே செய்தியில் போட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது ஒரே ஆள். ஏதாவது உடைந்தாலும் அவர்தான் பொறுப்பு. ஆகவே அவர் சொல்வதை மற்றவர்கள் கேட்பார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அது பெரிய அண்ணன் இல்லை, கணக்கு எழுதத் தெரிந்த சித்தியாக இருக்கும்.

அறைப் பங்கீட்டை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குத் தரைத்தள அறை. கைக்குழந்தை உள்ளவர்களுக்குக் குளியலறை ஒட்டிய அறை. மிச்சத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

3. எந்தப் பகுதி, எந்த மாதம்

முதல் தடவை என்றால் லுவார் பள்ளத்தாக்கு அல்லது பர்கண்டி என்பேன். இரண்டுமே பாரீஸிலிருந்து எளிது. பாரீஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து தூர் நகரத்தை ஒட்டிய சேன்-பியேர்-தே-கோர் நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். 1519இல் கட்டத் தொடங்கிய ஷாம்போர், ஷேர் ஆற்றின் மேலேயே நிற்கும் ஷெனோன்சோ என்ற இரண்டு ஷாத்தோக்களும் அந்தப் பக்கம். பர்கண்டியில் பிள்ளைகளைக் கட்டாயம் கெதெலோனுக்குக் கூட்டிப்போங்கள். நடுக்காலக் கருவிகளை மட்டும் வைத்து 1997லிருந்து அங்கே ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல் செதுக்குகிறவரிடம் நின்று பேசலாம்.

தென்மேற்கிலுள்ள தொர்தோஞ் பகுதி அழகில் இவற்றை மிஞ்சும். ஆற்றின் இரு கரையிலும் பெய்னாக், கஸ்தெல்நோ என்று எதிரெதிராக நூறாண்டுப் போரின் கோட்டைகள், லாஸ்கோ குகை ஓவியங்களின் முழு அளவு நகல், சர்லா ஊரின் புதன், சனிச் சந்தை. ஆனால் பாரீஸிலிருந்து தூரம்; ஆகஸ்டில் ஆற்றோரச் சாலையில் வண்டி ஊர்ந்துதான் போகும்.

ஜூலை, ஆகஸ்ட் பிரெஞ்சுப் பள்ளி விடுமுறை. விலை உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் சனிக்கு சனி முழு வாரமாகத்தான் தருவார்கள். ஜூன் அல்லது செப்டம்பர் கிடைத்தால் விடாதீர்கள். செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள் வரும். வழக்கமாகப் பூட்டிக் கிடக்கும் பல மாளிகைகளை அன்று பார்க்கலாம். குளிர்காலத்தில் வாடகை இறங்கும், ஆனால் நாலு மீட்டர் உயரக் கூடத்தைச் சூடாக்கும் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

4. தேடுவதும் விளம்பரத்தைப் படிப்பதும்

1955லிருந்து இருக்கும் ஜித் தே பிரான்ஸ் அமைப்பின் தளம், அப்ரிதெல், ஏர்பிஎன்பி ஆகிய மூன்று வாடகைத் தளங்களிலும் தேடுங்கள். பெரிய குழுவுக்கென்று தனி வடிகட்டி இருக்கும்.

'20 பேர் தூங்கலாம்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். அதில் கூடத்து சோபா மெத்தையும் மாடி அடுக்குக் கட்டிலும் சேர்ந்திருக்கலாம். சில பழைய வீடுகளில் ஓர் அறையைத் தாண்டித்தான் அடுத்த அறைக்குப் போக முடியும். அத்தையும் மாமாவும் தூங்கும் அறை வழியாக இரவு பாத்ரூம் போவதை யோசித்துப் பாருங்கள். அதனால் தளம் தளமாக வரைபடம் கேளுங்கள். '140' (சென்டிமீட்டர் அகலம்) என்று போட்டிருக்கும் கட்டில் இரண்டு பேருக்கு நெருக்கம், '160' வசதி.

ஏமாற்று விளம்பரங்களும் உண்டு. வழக்கத்தைவிட மிக மலிவு, தளத்துக்கு வெளியே பணம் அனுப்பச் சொல்வது, வீடியோவில் வீட்டைக் காட்டத் தயங்குவது, இதில் ஒன்று தென்பட்டாலும் நகர்ந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஊரின் சுற்றுலா அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இப்படி ஒரு வீடு வாடகைக்கு விடப்படுகிறதா என்று கேட்கலாம்.

5. உரிமையாளரிடம் கேட்க வேண்டியவை

எழுதும்போது 'போன்ழூர்' சொல்லி, யார் யார் வருகிறோம், எதற்காகக் கூடுகிறோம் என்று இரண்டு வரி எழுதிவிட்டு அப்புறம் கேள்விக்குப் போங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

வெந்நீர்: எத்தனை லிட்டர் தொட்டி? 300 லிட்டர் தொட்டி ஒன்றை மட்டும் நம்பி இருபது பேர் காலையில் வரிசையாகக் குளிக்க முடியாது. பாதிப்பேர் இரவில் குளிப்பது என்று முன்பே பேசிவைக்க வேண்டும்.

கழிவுநீர்: கிராமத்து வீடுகள் பலவற்றில் செப்டிக் டேங்க்தான். ஈரத் துடைப்பான், சானிட்டரி நாப்கின், மிஞ்சிய எண்ணெய் எதுவும் உள்ளே போகக்கூடாது. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், முக்கியமாகக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு, இதைச் சொல்லிவிடுங்கள்.

நீர்நிலைகள்: தரையில் பதித்த நீச்சல் குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூரை இவற்றில் ஏதேனும் ஒன்று 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். அகழிக்கும் சாதாரணக் குளத்துக்கும் அந்தச் சட்டம் இல்லை. சின்னப் பிள்ளைகள் வந்தால் அகழியில் தண்ணீர் இருக்கிறதா, ஓரத்தில் தடுப்பு உண்டா என்று படத்தோடு கேளுங்கள்.

வைஃபை: ஒரு மீட்டர் தடிமன் கல்சுவருக்குள் சிக்னல் நுழையாது. அங்கிருந்தே வேலை செய்யப்போகிறவர்கள் எந்த அறையில் இணைப்பு வருகிறது என்று கேட்டு அந்த அறையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

கொண்டாட்டம்: அறுபதாம் கல்யாணம், பிறந்தநாள் என்று வெளியாட்களை அழைப்பதாக இருந்தால் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தங்குவதற்கான வாடகை வேறு, விழாவுக்கான வாடகை வேறு. இரவு பத்துக்குமேல் வெளியே ஸ்பீக்கர் வைத்தால் வயல் தாண்டியும் கேட்கும். பக்கத்து விவசாயி போலீஸைக் கூப்பிட அவருக்கு உரிமை உண்டு.

6. பணமும் ஒப்பந்தமும்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு கணக்குக்கு, வார வாடகை 6,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். படுக்கை விரிப்பு, துண்டு தலைக்கு 15 யூரோ, இருபது பேருக்கு 300. கடைசி நாள் துப்புரவு 400. சுற்றுலா வரி ஒரு பெரியவருக்கு ஓர் இரவுக்கு ஒன்றரை யூரோ என்றால், அந்த இருபதில் 14 பெரியவர்களுக்கு ஏழு இரவு 147. மொத்தம் 6,847. தலைக்கு 342 யூரோவுக்குச் சற்று மேல். வரி விகிதம் ஊருக்கு ஊர் மாறும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கிடையாது. மின்சாரமும் ஹீட்டிங்கும் வாடகையில் சேர்ந்ததா, மீட்டர் பார்த்துத் தனியே வாங்குவார்களா என்று கேட்காமல் இந்தக் கணக்கு முடியாது.

ஒப்பந்தத்தில் முன்பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஆர்' என்று இருந்தால், அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து நீங்கள் விலகிக்கொள்ளலாம். அவர்கள் விலகினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். 'அக்கோந்த்' என்று இருந்தால் இரு தரப்புக்கும் உறுதியான கட்டு. நீங்கள் ரத்து செய்தாலும் முழு வாடகையையும் கேட்கலாம். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பித் தரும் உரிமை, தேதி குறித்த தங்கும் பதிவுக்குப் பொருந்தாது. ஆகவே இருபது பேர் விஷயத்தில் ரத்துக் காப்பீடு எடுப்பது வீண் செலவு இல்லை.

அப்புறம் 'கோசியோன்', அதாவது சேதத்துக்கான வைப்புத்தொகை. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காசோலை கொடுத்துவிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் அது இருக்காது. கார்டில் தொகையை நிறுத்திவைப்பதா, வங்கி மாற்றமா, எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிரான்ஸில் குடியிருக்கும் உறவினர் யாராவது கையெழுத்திட்டால் இன்னொரு வசதி: அவருடைய வீட்டுக் காப்பீட்டிலேயே விடுமுறை வாடகை வீட்டுக்கான பாதுகாப்பு சேர்ந்திருக்கலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளட்டும்.

7. விசாவும் வண்டியும்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருப்பதால் மற்றவர்களுக்குத் தங்கும் சான்று இடிக்கும். எல்லோர் பெயரும் தேதியும் உள்ள ஒரு கடிதத்தை உரிமையாளரிடம் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள்.

வண்டி இல்லாமல் கிராமத்தில் ஒன்றும் நடக்காது. சாதாரணக் கார் லைசன்ஸிலேயே ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேர் வண்டி ஓட்டலாம். இந்திய லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். கிராமத்துச் சந்திப்பில் பலகை எதுவும் இல்லை என்றால் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது சந்திலிருந்து வரும் டிராக்டராக இருந்தாலும்.

8. சமையல்

அடுப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இண்டக்ஷன் என்றால் நம் அலுமினியக் குக்கரும் இட்லிப் பாத்திரமும் அதில் சூடேறாது. அடிப்பாகம் காந்தத்தில் ஒட்டும் பாத்திரம்தான் வேண்டும். வீட்டில் இருக்கும் மிகப் பெரிய பானை எத்தனை லிட்டர் என்றும் கேளுங்கள். விருந்துக்கு வெள்ளிக் கரண்டி ஐம்பது இருக்கும், இருபது பேருக்குச் சோறு வடிக்கும் பானை இருக்காது. புகைமானி 2015லிருந்து எல்லா வீட்டிலும் கட்டாயம் என்பதால் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்கவும்.

பாரீஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பெல் கடைத்தெருவில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். மிச்சத்துக்குப் பக்கத்து ஊர் சூப்பர் மார்க்கெட்டில் இணையத்தில் ஆர்டர் போட்டு, சனிக்கிழமை போகிற வழியில் 'டிரைவ்' கவுண்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். சனி மாலை தவறினால் சிக்கல். ஞாயிறு மதியத்துக்குமேல் கிராமத்தில் கடை திறந்திருப்பது அரிது, பல ஊரில் திங்களன்று ரொட்டிக் கடையும் மூடியிருக்கும். ஏழு நாளும் சமைக்க வேண்டாம். ஓர் இரவு உள்ளூர்ச் சமையல்காரரை வரவழைக்க முடியுமா என்று உரிமையாளரையே கேளுங்கள், அவருக்கு ஆள் தெரிந்திருக்கும்.

9. போன அன்றும் கிளம்பும் அன்றும்

போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் 'எதா தே லியூ' எனப்படும் வீட்டு நிலைப் பட்டியலைக் கையில் எடுத்து அறை அறையாகச் சுற்றுங்கள். கீறிய மேசை, விரிசல் விட்ட கண்ணாடி, ஓரம் உடைந்த பீங்கான், எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மின் பலகை எங்கே, தண்ணீர் வால்வு எங்கே என்று அவரிடமே காட்டச் சொல்லுங்கள். ஹேர் டிரையரும் கெட்டிலும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போக வாய்ப்பு உண்டு. கணப்பில் தீ மூட்டலாமா என்று கேட்காமல் மூட்டாதீர்கள். அவசரத்துக்கு 112, அதை வீட்டு முகவரியோடு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

கிளம்பும் காலையில் பத்து மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். துப்புரவுக்குப் பணம் கட்டியிருந்தாலும் பாத்திரம் கழுவுவதும் குப்பை எடுத்துப்போவதும் பெரும்பாலும் நம் வேலைதான். கண்ணாடிப் பாட்டில்களைப் போடும் தனிப்பெட்டி ஊருக்குள் இருக்கும். உரிமையாளரோடு சேர்ந்து பட்டியலை மறுபடி சரிபார்த்து, அவர் கையெழுத்து வாங்கி, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள். வைப்புத்தொகை சொன்ன தேதியில் வரவில்லை என்றால் அந்தப் படத்தோடு ஒரு மின்னஞ்சல் போதும், பேச்சு சீக்கிரம் முடியும்.