சுமோ பாக்க ஆரம்பிக்கிறவங்க வழக்கமா பண்ற தப்புகள்

சுமோன்னு பேச்செடுத்தா நம்ம ஆளுங்க வாயில மொத வர்ற வார்த்தை "குண்டு", அடுத்து வர்றது "அதெல்லாம் பிக்சிங்பா". ரெண்டையும் நானும் சொல்லிக்கிட்டு இருந்தவன்தான். சில வருஷமா விடாம பாத்ததுக்கு அப்புறம், புதுசா பாக்க வர்றவங்க எங்கெல்லாம் வழுக்குறாங்கன்னு நல்லா தெரியுது, அதான் எழுதி வைக்கிறேன்.

மொத தப்பு உடம்பை மட்டும் பாக்குறது. 150 கிலோ ஆளு தரையில உக்காந்து ரெண்டு காலையும் ரெண்டு பக்கமும் அகட்டி, குனிஞ்சு நெஞ்சைக் கொண்டுபோய் மண்ணுல ஒட்ட வைப்பான், பயிற்சியில தினமும் நடக்குற விஷயம் இது. கொழுப்புக்கு அடியில இருக்குற தசையும் அந்த இடுப்போட வளைவும் இல்லன்னா ஒரு நாள் தாங்க மாட்டாங்க. தொழில்முறை சுமோவுல எடைப் பிரிவே கிடையாது, 100 கிலோ ஆளும் 200 கிலோ ஆளும் ஒரே வட்டத்துல மோதணும். மைனோஉமின்னு ஒருத்தர், சேர்றதுக்குத் தேவையான உயரம் இல்லன்னு மண்டையில சிலிக்கோன் வச்சு அளவைத் தாண்டி உள்ள வந்தவர். கிட்டத்தட்ட 100 கிலோதான் இருந்தாரு, அவரை மாதிரி ரெண்டரை மடங்கு எடை இருந்த ஹவாய்க்காரர் கொனிஷிகியை சாய்ச்சிருக்காரு. ஜெயிக்கிறதுக்கு அதிகாரப்பூர்வமா 82 உத்தி இருக்கு, தள்ளுறது அதுல ஒரு ரகம், அவ்வளவுதான். அப்புறம் அந்த இடுப்புத்துணி, மவாஷின்னு பேரு, அதை டயப்பர்னு சொல்றதை விட்டுடுங்க. கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டுற நீளத் துணி அது, எதிராளி பிடிச்சுத் தூக்கவும் இழுக்கவும் அதுதான் பிடி, யாருக்கு அந்தப் பிடி மொதல்ல கிடைக்குதுங்குறதுலயே பாதி பந்தயம் முடிஞ்சிடும்.

அடுத்தது, உப்பு தூவுறப்ப போனை எடுத்து நோண்டுறது. எடைப்படி இல்லாம ராங்க்படிதான் பிரிவுகள் உண்டு, அதுல மேல் பிரிவுல ஒரு போட்டிக்கு முன்னாடி நாலு நிமிஷம் வரைக்கும் உப்பு தூவுறாங்க, குந்துறாங்க, முறைக்கிறாங்க, எழுந்து போறாங்க, திரும்ப வர்றாங்க. நமக்கு போர் அடிச்சு கண்ணை எடுத்துட்டு நிமிர்ந்தா போட்டி முடிஞ்சு கும்பிட்டுப் போயிட்டு இருப்பாங்க, ஏன்னா நிறைய போட்டி பத்து செகண்டு கூட ஓடாது. இதுல ஒண்ணு கவனிக்கணும், ஆரம்பிக்கிறதுக்கு நடுவர் விசில் ஊதறதில்ல, மணி அடிக்கிறதில்ல. ரெண்டு பேரும் கையை மண்ணுல வச்சு, மூச்சு ஒத்துப்போற அந்த நொடியில அவங்களாவே பாயணும். அந்த முதல் மோதலுக்கு தாச்சியாய்னு பேரு. அந்த நாலு நிமிஷம் பூரா அதுக்கான தயாரிப்புதான், ஒருத்தர் தோள் எப்படி இறங்குது, யாரு கையை கடைசியா வைக்கிறாங்கன்னு பாக்கப் பழகிட்டா அந்த நேரம் போறதே தெரியாது.

அந்த தாச்சியாய்ல ஒருத்தர் மோதாம சட்டுன்னு பக்கவாட்டுல விலகிட்டா எதிராளி தன் வேகத்துலயே போய் விழுவாரு. ஹென்கான்னு சொல்வாங்க. இதைப் பாத்துட்டு ஏமாத்து வேலைன்னு கத்துறவங்க உண்டு, ஆனா விதிப்படி தப்பே இல்ல. மரியாதைக் குறைவுன்னு ரசிகருங்க நினைப்பாங்க, அதுவும் மேல் ராங்க்ல இருக்குறவர் பண்ணா தாங்கவே மாட்டாங்க. 2016 மார்ச் ஒசாகா போட்டியோட கடைசி நாள்ல ஹகுஹோ இப்படி விலகி ஹருமஃபுஜியை ஜெயிச்சு கோப்பை எடுத்தாரு, கூட்டம் கத்துன கத்துல பேட்டியில பேச முடியாம அழுதுட்டு மன்னிப்பு கேட்டாரு. விதிப்புத்தகம் ஒண்ணு, எழுதாத மரியாதை இன்னொண்ணு, சுமோ சர்ச்சைகள்ல பாதி இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் பிறக்குது.

யோகோசுனான்னா சாம்பியன்னு நம்ம செய்திகள்ல போடுறாங்க, அது குழப்பம். வருஷத்துக்கு ஆறு போட்டித் தொடர் நடக்குது, ஒவ்வொண்ணும் 15 நாள், ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோ, மார்ச் ஒசாகா, ஜூலை நகோயா, நவம்பர் ஃபுகுவோகா. அந்த 15 நாள்ல அதிகமா ஜெயிக்கிறவர் அந்தத் தொடரோட சாம்பியன். யோகோசுனாங்குறது பதவி. அதுக்குக் கீழ இருக்குற ஓசெகியா இருந்து, அடுத்தடுத்து ரெண்டு தொடர் ஜெயிச்சா, இல்ல அதுக்கு நிகரா ஆடினா கொடுப்பாங்க, கொடுத்ததுக்கு அப்புறம் இறக்கவே மாட்டாங்க, ஆட முடியலன்னா ரிட்டையர் ஆகித்தான் போகணும். 1992 மே மாசம் இருந்த யோகோசுனா விலகினதுல இருந்து 1993 ஜனவரியில அகேபோனோ வர்ற வரைக்கும் அந்தப் பதவியில ஆளே இல்ல. இன்னொரு பக்கம் 2024 மார்ச்ல தகேருஃபுஜி மேல் பிரிவுக்கு வந்த முதல் தொடர்லயே கோப்பை எடுத்தாரு, 110 வருஷத்துக்கு அப்புறம் நடந்த விஷயம், மேல் பிரிவு ஆளுங்க போடுற அந்தப் பெரிய இலை வடிவக் கொண்டைக்கு முடி கூட சரியா வளராத பையன்.

சாதனைகளை ஒப்பிடுறதுல ஒரு பெரிய தப்பு நடக்குது. ஹகுஹோ 45 கோப்பை, தைஹோ 32, சியோனோஃபுஜி 31, ஃபுதபயாமா வெறும் 12னு லிஸ்ட் போட்டு நாலாமவரை ஓரங்கட்டுறாங்க. ஃபுதபயாமா காலத்துல வருஷத்துக்கு ரெண்டே தொடர், ஆறு தொடர் வந்ததே 1958லதான். அவர் தொடர்ச்சியா 69 போட்டி தோக்காம இருந்தாருன்னா அது 1936ல ஆரம்பிச்சு 1939 ஜனவரி வரைக்கும் நீண்ட கணக்கு, மூணு வருஷம் ஒரு மனுஷன் கீழ விழல. ஹகுஹோ 2010ல 63 வரைக்கும் வந்து கிசெனோசாதோகிட்ட தோத்தாரு, அந்த 69 இன்னும் அப்படியே நிக்குது. என்னைக் கேட்டா கோப்பை எண்ணிக்கையில ஹகுஹோ பக்கத்துல யாரும் இல்ல, ஆனா அந்த எண்ணிக்கையை வச்சு பழைய ஆளுங்களை அளக்கவே கூடாது.

இப்ப பிக்சிங். இதுல ரெண்டு பக்கமும் தப்பு பண்றாங்க, ஒண்ணு "எல்லாமே செட்டிங்"ங்குறது, இன்னொண்ணு "புனிதமான விளையாட்டு, அப்படியெல்லாம் நடக்காது"ங்குறது. எப்படி நடக்குதுங்குறதைப் புரிஞ்சுக்கிட்டா ரெண்டுமே பேச மாட்டோம். 15 போட்டியில 8 ஜெயிச்சா ராங்க் ஏறும், 7தான்னா இறங்கும். சம்பளம் மேல இருக்குற ரெண்டு பிரிவுக்கு மட்டும்தான், மொத்தம் 70 பேர். ரெண்டாவது பிரிவான ஜூரியோவுல மாசம் 10 லட்சம் யென்னுக்கு மேல வாங்குறவர் ஒரே ஒரு போட்டியில தோத்து கீழ மகுஷிதாவுக்கு விழுந்தா அந்த மாச சம்பளமே போச்சு, உதவிக்கு இருந்த ஜூனியர் பசங்களும் இல்ல, திரும்ப எல்லாரோடவும் ஹால்ல படுக்கணும். இப்ப கடைசி நாள், ஒருத்தர் 7 ஜெயிச்சு 7 தோத்து நிக்கிறாரு, எதிர்ல வர்றவர் ஏற்கனவே 8 எடுத்துட்டாரு, அவருக்கு இந்தப் போட்டி பெருசா தேவையில்ல. 2002ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பல வருஷத்துப் போட்டிகளை எடுத்துப் பாத்தப்ப, இந்த மாதிரி மோதல்ல 7-7ல நிக்கிறவர் ஏறக்குறைய பாதி தடவை ஜெயிக்கணும்ங்குற இடத்துல 80 சதவீதத்துக்குப் பக்கத்துல ஜெயிச்சிருந்தாரு. அதே ஜோடி அடுத்த தடவை மோதுறப்ப ஜெயிச்சவரோட விகிதம் பாதிக்கும் கீழ போச்சு, அதாவது வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

ஜப்பான் சுமோ சங்கம் ரொம்ப நாள் இதை ஒத்துக்கவே இல்ல, எழுதின பத்திரிகை மேல கேஸ் போட்டு ஜெயிக்கவும் செஞ்சாங்க. அப்புறம் 2010ல பேஸ்பால் சூதாட்ட விவகாரத்துல போலீஸ் பறிமுதல் பண்ண செல்போன்கள்ல மெசேஜ் வெளிய வந்துச்சு, யார் யாருக்கு விட்டுக்கொடுக்குறது, எப்படி மோதி எப்படி விழணும், எவ்வளவு காசுன்னு. 2011 மார்ச் ஒசாகா தொடரையே ரத்து பண்ணாங்க, 1946க்கு அப்புறம் ரத்தானது அதுதான் முதல் தடவை. இருபதுக்கு மேற்பட்ட வீரர்கள் வெளிய போனாங்க. ஆரம்பத்துல மாட்டினவங்கள்ல நிறைய பேர் அந்த ஜூரியோ ஆளுங்கதான், சம்பளக் கோட்டுக்கு மேலயும் கீழயும் தொங்குறவங்க. அதனால கடைசி நாள் 7-7 போட்டியைப் பாத்து சந்தேகப்படுறதுல தப்பில்ல, ஆனா மூணாம் நாள் யோகோசுனா தோத்ததுக்கும் அதே வார்த்தையைப் போடுறது அந்த விளையாட்டைப் பாக்கவே இல்லன்னு அர்த்தம். வாழ்வா சாவான்னு நிக்கிறவன் உயிரைக் கொடுத்தும் ஆடுவான், அதையும் கணக்குல வைக்கணும்.

வெளிநாட்டுக்காரங்க வந்துதான் ஒழுக்கம் கெட்டுச்சுன்னு ஒரு பேச்சு ஜப்பான்லயே உண்டு, அதை அப்படியே நம்ம ஆளுங்க எடுத்துப் பேசுறாங்க. மங்கோலியாவுல இருந்து வந்த யோகோசுனா அசஷோர்யு 2007ல காயம்னு சொல்லி சுற்றுப்பயணத்தைத் தவிர்த்துட்டு மங்கோலியாவுல புட்பால் ஆடின வீடியோவுல மாட்டினாரு, ரெண்டு தொடர் தடை. 2010ல வெளிய நடந்த அடிதடி புகாருக்கு அப்புறம் 25 கோப்பையோட விலகினாரு. இன்னொரு மங்கோலிய யோகோசுனா ஹருமஃபுஜி 2017ல ஜூனியர் வீரரை கரோக்கே ரிமோட்டால தாக்கி பதவியை விட்டாரு. இதெல்லாம் நடந்தது உண்மைதான். ஆனா ஒரு கோப்பை கூட ஜெயிக்காமலே யோகோசுனா ஆகி 1987 கடைசியில குருவோட சண்டை போட்டு வெளிய போன ஃபுதஹகுரோ ஜப்பான்காரர். 2007ல ஒரு ஹெயாவுல, ஹெயான்னா வீரர்கள் தங்கிப் படிக்கிற குருகுலம் மாதிரி, 17 வயசு பையன் பயிற்சிங்குற பேர்ல அடிச்சே செத்துப் போனான், தலைவருக்கு ஜெயில் கிடைச்சுது, அதுல சம்பந்தப்பட்டவங்களும் ஜப்பான்காரங்கதான். மேல இருக்குறவன் அடிச்சா வாங்கிக்கணும்ங்குற பழக்கம் அந்த வீட்டுக்குள்ளயே இருந்துச்சு, பாஸ்போர்ட்டுல இல்ல. அந்தப் பையனை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

பாரம்பரியம்னு சொன்னதும் வாயை மூடிக்கிறதும் தப்புதான். 2018 ஏப்ரல்ல ஜப்பான்ல மைஸுருங்குற ஊர்ல நடந்த நிகழ்ச்சியில மேயர் வட்டத்துக்குள்ள பேசிக்கிட்டே மயங்கி விழுந்தாரு, ஓடிப்போய் நெஞ்சை அமுக்கி உயிரைக் காப்பாத்தின பெண்களை, பெண்கள் இறங்குங்கன்னு மைக்ல திரும்பத் திரும்ப சொன்னாங்க. சங்கம் அப்புறம் மன்னிப்பு கேட்டுச்சு, பெண்கள் வட்டத்துல ஏறக்கூடாதுங்குற விதி மட்டும் மாறல. மாத்தவே முடியாதுன்னா 1969ல தைஹோ வரிசையா 45 போட்டி ஜெயிச்சது நடுவர்கள் முடிவு தப்பாப் போய் அறுந்ததுக்கு அப்புறம் வீடியோ பாத்து முடிவு பண்றதை எப்படி கொண்டு வந்தாங்க? தேவைன்னா மாத்துறாங்க, அதான் என் கோபம்.

கடைசியா ஒண்ணு, நாள் கடைசியில வர்ற ரெண்டு போட்டியை மட்டும் பாத்துட்டு ஹீரோ யாரு வில்லன் யாருன்னு முடிவு பண்றது. 2017 மார்ச் ஒசாகா. 19 வருஷத்துக்கு அப்புறம் ஜப்பான்ல பிறந்த ஒருத்தர், கிசெனோசாதோ, யோகோசுனா ஆகி ஆடுற முதல் தொடர். 13ஆம் நாள் இடது தோள் பக்கம் மோசமான காயம். ஒரு வெற்றி முன்னாடி நின்னவர் மங்கோலியாவுல பிறந்த தெருனோஃபுஜி, முந்தின நாள் ஹென்கா பண்ணதால கூட்டத்துல சிலர் அவரை மங்கோலியாவுக்கே போன்னு கத்தினாங்க. கடைசி நாள் கிசெனோசாதோ அவரை ஒரு தடவை ஜெயிச்சு, உடனே டை பிரேக்கர்லயும் ஜெயிச்சு, தேசிய கீதத்தப்ப அழுதாரு. பாத்த எல்லாரும் அழுதோம். ஆனா அந்தக் காயம் ஆறவே இல்ல, அதுக்கப்புறம் எட்டு தொடர் வரிசையா முழுசாவோ பாதியிலயோ ஆட முடியாம 2019 ஜனவரியில ரிட்டையர் ஆனாரு. காயத்துக்காக லீவு போட்டா ராங்க் இறங்காம காப்பாத்துற ஏற்பாடு முன்னாடி இருந்துச்சு, அதை 2003 முடிவோட எடுத்துட்டாங்க, யோகோசுனாவைத் தவிர எல்லாரும் அந்த பயத்துல அரைகுறையா ஆறின உடம்போடதான் வட்டத்துல ஏறுறாங்க.

வில்லன்னு கத்தப்பட்ட தெருனோஃபுஜிக்கு அப்பவே ரெண்டு முட்டியும் போயிருந்துச்சு. ஓசெகி பதவி போச்சு, சர்க்கரை நோய், ஆபரேஷன், கீழயிருந்து ரெண்டாவது பிரிவான ஜோனிதான் வரைக்கும் விழுந்தாரு. ஓசெகியா இருந்த மனுஷன் 2019 மார்ச்ல கறுப்பு காட்டன் மவாஷி கட்டிக்கிட்டு, உப்பு தூவக்கூட உரிமையில்லாம, பாதி காலி சீட்டுக்கு முன்னாடி காலையில சின்னப் பசங்களோட ஆடினாரு. 2020 ஜூலையில மேல் பிரிவுக்குத் திரும்பி அந்தத் தொடரையே ஜெயிச்சாரு, 2021ல யோகோசுனா, மொத்தம் பத்து கோப்பையோட 2025 ஜனவரியில விலகினாரு. மேல் பிரிவோட கடைசிப் போட்டி நம்ம நேரத்துக்கு மதியம் ரெண்டரை மணி வாக்குல முடிஞ்சிடும். அவர் ஆடின அந்தக் கீழ்ப் பிரிவு போட்டிங்க ஆரம்பிக்கிறது விடிகாலை அஞ்சு மணி போல, ஒரு நாளாவது எழுந்து பாருங்க.