ஏற்காட்டுல இருந்து எறங்குன மறுநாளும் நடக்கணுமா? தொடைய இப்படி தயார் பண்ணுங்க

கிளியூர் அருவிக்கு போய்ட்டு வந்தவங்க, சேலம் குமரகிரி மலைப் படி ஏறி எறங்குனவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், ஏறறப்ப மூச்சு மட்டும்தான் வாங்குச்சு, வலி ஒண்ணும் இல்ல, மறுநாள் காலைல பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்க செவுத்த பிடிக்க வேண்டியிருக்குன்னு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, இப்ப இல்ல. வீட்டு மாடிப்படி போதும், ஜிம் வேண்டாம்.

முதல்ல காரணம். உடம்புல எலும்போட சேர்ந்த தசை 600க்கு மேல இருக்கு, நமக்கு இங்க வேணுங்கறது ரெண்டே எடம், தொடை முன்பக்கம் இருக்கற குவாட்ரிசெப்ஸ், அப்புறம் கெண்டைக்கால். மேல ஏறறப்ப தொடை தசை சுருங்கி உடம்ப தூக்குது. எறங்கறப்ப அதே தசை நீண்டுகிட்டே எடைய தாங்குது. கெணத்துல வாளிய விடறப்ப கை கயித்த இறுக்கி பிடிச்சுகிட்டே கொஞ்சம் கொஞ்சமா நழுவ விடும்ல, அந்த வேலை. இதுக்கு எக்சென்ட்ரிக்னு பேரு, மூச்சு வாங்காது, ஆனா பழக்கமில்லாத தசை நார்ல நுணுக்கமா சேதம் ஆகும். அதனாலதான் வலி அன்னைக்கே வராம 12லிருந்து 24 மணி நேரம் கழிச்சு ஆரம்பிச்சு ரெண்டாவது மூணாவது நாள் உச்சத்துக்கு போகுது. தசை கடுமையா வேலை செய்யறப்ப உண்டாகற லேக்டிக் ஆசிட் தேங்கிடுச்சும்பாங்க, அது ஒரு மணி நேரம் ஒன்றரை மணி நேரத்துல ரத்தத்துல இருந்து கிளியர் ஆயிடும், மறுநாள் வலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

இதுல நல்ல விஷயம், ஒரு தடவ இந்த மாதிரி வேலை குடுத்துட்டா அடுத்த சில வாரத்துக்கு தசை தாங்கிக்கும். அத மலைக்கு போறதுக்கு முன்னாடியே வீட்டுல வாங்கிடலாம். மூணு நாலு வாரம் முன்னாடி ஆரம்பிங்க, வாரத்துக்கு ரெண்டு நாள், நடுவுல ரெண்டு நாள் கேப்.

ஸ்டெப் 1: ஸ்டூல்ல மெதுவா உக்காருங்க. நாலு எண்ணிகிட்டே எறங்கணும், எந்திரிக்கறது எப்படி வேணாலும் எந்திரிங்க. பிளாஸ்டிக் சேர் வேண்டாம், டைல்ஸ்ல வழுக்கும். பத்து தடவ, ரெண்டு செட்.

ஸ்டெப் 2: இதுலதான் நெறைய பேரு கோட்ட விடறாங்க, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. கடைசிப் படில நின்னுக்கங்க, கைப்பிடில ஒரு விரல் மட்டும். வலது கால் படில இருக்கட்டும், இடது கால முன்னாடி தரைக்கு எறக்குங்க, குதிகால் தரைய லேசா தொட்டா போதும், எடைய போடாம திரும்ப மேல வாங்க. முக்கால்வாசி தூரம் எல்லாருமே அழகா எறங்குவாங்க, கடைசி ரெண்டு இன்ச்ல தொப்புனு விட்டுருவாங்க, தசைக்கு நெஜமான வேலையே அந்த ரெண்டு இன்ச்லதான் இருக்கு. சத்தம் கேட்டா அந்த தடவ கணக்குல சேராது. முடியலைன்னா தரைல ஒரு பலகைய போட்டு உயரத்த கொறைங்க, வேகத்த கூட்டாதீங்க. அடுத்து முட்டி. படில இருக்கற கால்ல முட்டி உள்பக்கமா மடியும், நமக்கே தெரியாது, செல்போன முன்னாடி சாச்சு வெச்சு வீடியோ எடுத்து பாத்தா அப்பதான் தெரியும். முட்டி அதே கால்ல கட்டை விரலுக்கு அடுத்த விரல் இருக்கற பக்கமே போகணும், இடுப்பு ஒரு பக்கமா தொங்கக் கூடாது. ஒரு காலுக்கு எட்டு, ரெண்டு செட். முதல் வாரம் கொஞ்சம் வலிக்கும், அதுதான் நாம கேட்டு வாங்கற வலி. முட்டிக்குள்ள சுருக்குனு குத்துனா மட்டும் நிறுத்திடுங்க.

ஸ்டெப் 3: கெண்டைக்கால். படி ஓரத்துல முன்பாதம், ரெண்டு கால்ல எக்கி, மெதுவா குதிகால கீழ விடுங்க. அவ்ளோதான்.

ஸ்டெப் 4: மலைல. சின்ன சின்ன அடி, முட்டிய லேசா மடக்கியே வைங்க, பின்னாடி சாயாதீங்க. கடல் மட்டத்துல இருந்து சேலம் கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டருக்கு மேல, அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே எறங்கறேன்னு கெளம்பறவங்களுக்கு கைத்தடி நெஜமாவே உதவும், முட்டிக்கு மாட்டற நீ கேப்ப விட ஆயிரம் மடங்கு மேல்னு நான் சொல்லுவேன். கால் நகத்த வெட்டிட்டு போங்க. கிளியூர்ல மழைக்கு அப்புறம்தான் தண்ணி நல்லா இருக்கும், வழியும் அப்பதான் வழுக்கும், செருப்போட எறங்காதீங்க.

ஸ்டெப் 5: வந்த பிறகு. மறுநாள் படுத்தே கெடக்காம லேசா நடங்க. ஸ்ட்ரெச்சிங் பண்ணா சுகமா இருக்கும், வலிய பெருசா கொறைக்காது. தண்ணி சரியா குடிக்காம காஞ்சு போன உடம்புல வலி மாத்திரைய போட்டா கிட்னிக்கு ஆகாது. சாப்பாட்டுல புரோட்டீன், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு தெனம் 50 கிராம். முட்டைல ஒண்ணுக்கு 6 கிராம் வரும். கொள்ளு ரசம் குடிச்சேன்னு சொல்லாதீங்க, சத்து அடில கெடக்கற கொள்ளுலதான் இருக்கு, அத கடைஞ்சு சாப்பிடுங்க.

அப்டேட்: வெள்ளிப் பட்டறைல வேலை பாக்கற ஒரு அண்ணன் கமெண்ட்ல, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்குதுன்னு கேட்டிருந்தாரு. அது வேற ஐட்டம்ணே, இழுக்கறப்ப முட்டிய நீட்டி கால் விரல உங்க பக்கமா இழுத்து பிடிங்க, விட்டுரும், அடிக்கடி வந்தா டாக்டர பாருங்க.

இன்னொரு அக்கா கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை எடுக்கறாங்களாம், அதுலயும் தசை வலி வர வாய்ப்பு இருக்குக்கா, நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்டயே சொல்லுங்க.

எல்லாருக்கும் சேர்த்து: எறங்கி வந்த பிறகு ஒண்ணுக்கு டீ டிகாஷன் கலர்ல போனா, இல்ல ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி சூடா இருந்தா, ரெண்டு நாள் பாக்கலாம்னு உக்காராம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.